வெளியே போய் ஹாம் ரேடியோ இயக்கும்போது லாக் எழுதுவது எப்படி

ஏற்காட்டில் நண்பர் வீட்டுப் புல்வெளி. சித்திரை மாதக் கடைசி, விடிகாலை ஐந்து பத்து. நீட்டி மடக்கும் தூண்டில் கம்பை வேலிக்காலோடு சேர்த்துக் கட்டி, அதன் நுனியிலிருந்து 20 மீட்டர் கம்பியைச் சரிவாக இறக்கி, 10 வாட் ரேடியோவை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைத்து, ஹாம்கள், அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குகிறவர்கள், பேசும் அலைவரிசைத் தொகுதிகளில் ஒன்றான 40 மீட்டர் பேண்டில் கூப்பிட ஆரம்பித்தேன். ஏழு மணிக்குள் பதின்மூன்று பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவர் இத்தாலிக்காரர், மோர்ஸில் வந்தார். என் சிக்னல் அவருக்கு இரைச்சலுக்குள் புதைந்து கிடந்திருக்க வேண்டும், என் கால்சைனை (உரிமத்தோடு தரும் நிலைய அடையாளக் குறி) மூன்று தடவை திருப்பிக் கேட்டு வாங்கினார். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: யாரோடு எப்போது பேசினேன் என்று நான் இணையத்தில் ஏற்றிய பதிவான லாக்கில் அவர் இல்லையாம்.

இருந்தார். ஒரு நாள் தள்ளி இருந்தார். நம் நேரம் 5:10 என்றால் உலகம் முழுக்க லாக்கில் எழுதும் பொது நேரமான யூடிசியில் முந்தின நாள் 2340. நான் பக்கத்தின் தலையில் அன்றைய தேதியைப் போட்டுவிட்டு, நேரத்தை மட்டும் யூடிசியில் 2340, 2342 என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். முதல் ஐந்து தொடர்புகளும் இன்னும் நடக்காத ஒரு நேரத்தில் நடந்ததாகப் பதிவாகிவிட்டன. அந்த மனிதர் நடுராத்திரி தாண்டி உட்கார்ந்து, காதைக் கூர்மையாக்கி, ஒரு பலவீனமான இந்தியச் சிக்னலைப் பிடித்தார். அவர் உழைப்பு என் ஒரு எழுத்துப் பிழையால் வீணாகப் பார்த்தது.

அன்றிலிருந்துதான் லாக் எழுதுவதை நான் ஒரு தனி வேலையாக நினைத்துப் பழக ஆரம்பித்தேன். வெளியே போய் இயக்குகிறவர்கள் ஆன்டெனா பற்றி நாள் கணக்கில் பேசுவோம், பேட்டரி எத்தனை ஆம்பியர் என்று பேசுவோம், லாக் மட்டும் எப்படியோ நடந்துவிடும் என்று விட்டுவிடுவோம். நடக்காது. லாக் உங்களுக்காக மட்டும் எழுதுகிற டைரியும் இல்லை, எதிர்முனையில் இருப்பவருக்கும் அதில் பாதி உரிமை இருக்கிறது. பூங்காக்களிலிருந்து இயக்கும் போட்டா திட்டத்தில் இது இன்னும் கறாராக இருக்கிறது: அங்கே பூங்காவுக்குப் போனவர் மட்டும்தான் லாக்கை ஏற்றுவார், வீட்டிலிருந்து அவரைப் பிடித்தவருக்குக் கணக்கு தானாக வந்துவிடும். அதாவது நீங்கள் தப்பாக எழுதினால் அவரால் திருத்திக்கொள்ளவே முடியாது.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்திய அமெச்சூர் சேவை விதிகள், 1978-இலேயே லாக் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் உரிமத்தில் நிலைய முகவரி இருக்கும். வேறு இடத்திலிருந்து இயக்குவதற்கான நிபந்தனையைப் புறப்படும் முன் படித்துவிடுங்கள். வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி தனி. இதையெல்லாம் முடித்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும்.

எதை எழுத வேண்டும்

ஐந்து விஷயம் இல்லாமல் ஒரு தொடர்பு தொடர்பே இல்லை: அவர் கால்சைன், யூடிசி தேதி, யூடிசி நேரம், பேண்ட், மோடு (மோர்ஸா, குரலா என்பது). சிக்னல் எப்படிக் கேட்கிறது என்று எண்ணில் சொல்வது ரிப்போர்ட். கொடுத்த ரிப்போர்ட், வாங்கிய ரிப்போர்ட் இரண்டையும் சேர்த்து ஏழு. இதற்கு மேல் எழுதுவதெல்லாம் உங்கள் சந்தோஷத்துக்கு. நான் பேர், ஊர், அவர் சொன்ன வானிலை எல்லாம் எழுதுவேன், ஆனால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது அதை விட்டுவிடுவேன்.

இந்த ஏழில் மூன்று விஷயம் வரிக்கு வரி மாறாது. தேதி, பேண்ட், மோடு மூன்றையும் ஒவ்வொரு வரியிலும் எழுத ஆரம்பித்தால் பத்தாவது வரியில் கை சோர்ந்துவிடும். அதனால் அவற்றுக்குக் கட்டம் வேண்டாம். பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதன் மேல் "40 மீட்டர், சி.டபிள்யூ" (சி.டபிள்யூ என்றால் மோர்ஸ்) என்று எழுதிவிட்டுக் கீழே வரிசையாகப் போங்கள். பேண்ட் மாற்றினால், மோர்ஸிலிருந்து குரலுக்கு மாறினால், இன்னொரு கோடு. இந்தக் கோட்டை முதல் தொடர்பு கிடைத்த பிறகு போடலாம் என்று தள்ளாதீர்கள். ட்யூனிங் குமிழைத் திருப்புவதற்கு முன்னாலேயே போடுங்கள். எதிர்முனையில் ஆள் வந்துவிட்டால் கோடு மறந்துபோகும், அப்புறம் வீட்டில் உட்கார்ந்து இது 20 மீட்டரா 40 மீட்டரா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

பக்கத் தலைப்பை முந்தின நாள் ராத்திரியே எழுதி வையுங்கள். உங்கள் கால்சைன், இடம், பூங்கா அல்லது மலை எண், கிரிட் (உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடத்துக்குத் தரும் குறியீடு), ரேடியோ, எத்தனை வாட், என்ன ஆன்டெனா. கால்சைனுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'பி' (வெளியிடத்திலிருந்து இயக்குகிறேன் என்பதற்கான அடையாளம்) சேர்ப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பாதி நேரம் சேர்த்தும் பாதி நேரம் சேர்க்காமலும் கூப்பிட்டால் எதிர்முனை லாக்குகளில் நீங்கள் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். இரண்டு பேருடைய லாக்கையும் ஒப்பிட்டுத் தொடர்பை உறுதி செய்யும் லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் தளத்தில் 'பி' சேர்த்த கால்சைனுக்குத் தனிச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

கிரிட் விஷயத்தில் சென்னைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சென்னை சென்ட்ரல் இருப்பது என்.கே.03 கட்டத்தில். தாம்பரம் போனால் என்.கே.02. அங்கிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் போனால் எம்.கே.92. காரணம், 13 டிகிரி வடக்கு அட்சக்கோடும் 80 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடும் நகரத்தை ஒட்டியே ஓடுகின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று கட்டம் மாறிவிடும். வீட்டு கிரிட்டையே எல்லா லாக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஏற்காடு எம்.கே.91, கொடைக்கானல் எம்.கே.80. போகிற இடத்தின் கிரிட்டை வரைபடத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

நேரம்தான் முதல் எதிரி

ஐந்தரை மணி கழித்தால் யூடிசி. கேட்க எளிதாக இருக்கிறது, அந்த அரை மணிதான் ஆளைக் கவிழ்க்கிறது. மனக்கணக்கு போட்டே ஆக வேண்டும் என்றால் ஆறு மணி கழித்து அரை மணி கூட்டுங்கள், அது கொஞ்சம் சுலபம். ஆனால் மலை மேல் மனக்கணக்கே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரு சாதாரண டிஜிட்டல் கைக்கடிகாரம் வாங்கி, 24 மணி முறையில், யூடிசி நேரத்துக்கும் யூடிசி தேதிக்கும் வைத்துவிடுங்கள். அதைக் கையில் கட்டாதீர்கள், எழுதுகிற அட்டையின் மேல் முனையில் கட்டுங்கள். கையில் கட்டினால் அதைப் பார்த்துப் பஸ்ஸைத் தவறவிடுவீர்கள். அட்டையில் கட்டினால் எழுதும்போது கண் தானாக அதில் விழும், தேதி மாறினால் அதுவே காட்டும்.

தேதி மாறுவது நமக்கு ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், யூடிசி நாள் நம் ஊரில் காலை 5:30க்குப் பிறக்கிறது. 40 மீட்டரில் மேற்கிலிருந்து தூரத்துச் சிக்னல்கள் தூக்கலாக வருவதும் நம் விடியலை ஒட்டித்தான். பேண்ட் நன்றாகத் திறந்து, கை ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தேதியும் மாறிவிடுகிறது. ஆகவே விடிகாலை இயக்கத்துக்கு நான் இப்போது இரண்டு பக்கம் தயார் செய்கிறேன், நேற்றைய யூடிசி தேதி போட்டது ஒன்று, இன்றைய தேதி போட்டது ஒன்று. கடிகாரம் 0000 காட்டியதும் முதல் பக்கத்தில் எவ்வளவு இடம் மிச்சம் இருந்தாலும் புரட்டிவிடுவேன்.

போட்டாவில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒரு பூங்காவை இயக்கியதாகக் கணக்கு வர ஒரே யூடிசி நாளுக்குள் 10 தொடர்பு வேண்டும். 5:30க்கு முன் ஆறு, பின் ஏழு என்று பதின்மூன்று பேரிடம் பேசினாலும் கணக்கு வராது, ஏனென்றால் எந்த நாளிலும் பத்து இல்லை. அப்படி ஆனால் கிளம்பிவிடாதீர்கள், இரண்டாவது நாளின் கணக்கில் இன்னும் மூன்று பேரைப் பிடியுங்கள். மலைகளுக்கான சோட்டா திட்டத்தில் புள்ளி கிடைக்க நான்கு தொடர்பு போதும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்கான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.எஃப். திட்டத்தில் 44 வேண்டும், அதைப் பல தடவை போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரிக்கும் நேரம் எழுதுங்கள். கூட்டம் மொய்க்கும்போது முடியாவிட்டால் ஐந்து வரிக்கு ஒன்றாவது எழுதிவிடுங்கள், நடுவில் இருப்பதை ஓரிரு நிமிடப் பிசகோடு கணித்துவிடலாம். லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் இரண்டு பேருடைய நேரத்துக்கும் நடுவே அரை மணி வரை வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளும். நிமிடம் பிசகினால் பிழைத்துக்கொள்ளலாம், நாள் பிசகினால் முடியாது.

தாளும் பென்சிலும்

வெளியே போனால் முதல் லாக் தாளில்தான் என்பது என் கொள்கை. போனில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள், அதற்கும் வருகிறேன். ஆனால் தாள் வெயிலில் அணையாது, சார்ஜ் தீராது, பாதிக் கால்சைனை எழுதிவிட்டு மீதியை அப்புறம் நிரப்ப விடும்.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குக் கொண்டுபோவோமே, மேலே கிளிப் வைத்த பரீட்சை அட்டை, அதைவிட நல்ல மேஜை மலையில் கிடையாது. மேல் முனையைக் கிளிப் பிடித்துக்கொள்ளும். கீழ் முனைக்குக் குறுக்கே ஒரு அகலமான ரப்பர் பேண்ட் போடுங்கள், இல்லாவிட்டால் கொல்லிமலைக் காற்றில் தாள் எகிறி எழுதுகிற கை மேலேயே விழும். ஜெல் பேனா வேண்டாம். பனியில் ஊறிய தாளில் மை பரவி 3 எது 8 எது என்று தெரியாமல் போகும். எச்.பி. பென்சில் ஈரத் தாளிலும் எழுதும். இரண்டு கொண்டுபோங்கள், ஒன்றை நூல் கட்டி அட்டையோடு பிணைத்துவிடுங்கள். ஒரு ஷார்ப்னர், ஒரு பிளாஸ்டிக் உறை. அழிரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். முதலில் எழுதியதுதான் சரி என்று பிறகு தெரிய வருவது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது, அழித்துவிட்டால் அது போயே போச்சு.

என் ஏற்காட்டுப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். வலது மேல் மூலை பனியில் ஊதிக் காய்ந்து சுருங்கியிருக்கிறது. இடது ஓரத்தில் நேரம், அடுத்து கால்சைனுக்கு விரல் நீளத்துக்கு இடம், அப்புறம் இரண்டு சின்னக் கட்டம் ரிப்போர்ட்டுக்கு, மீதி முழுக்கக் குறிப்புக்கு. எட்டாவது வரியில் 0012, ஓர் இலங்கைக் கால்சைன், 59, 57, குறிப்பில் "கண்டி, மழையாம்". அதற்கு அடுத்த வரியில் கால்சைன் இடத்தில் நான்கு எழுத்து அடிக்கப்பட்டு, பக்கத்தில் வேறு நான்கு, அதன் மேல் ஒரு டிக். அந்த டிக் முக்கியம். நான் முழுக் கால்சைனைத் திருப்பிச் சொல்லி, அவர் சரி என்று உறுதி செய்த பிறகுதான் டிக் போடுவேன். டிக் இல்லாத வரி என் கணக்கில் முடியாத தொடர்பு, அதை ஏற்ற மாட்டேன்.

கால்சைனைப் பிடிப்பது

இதுதான் லாக்கின் உயிர், இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும்.

காதில் விழுந்த துண்டை அந்தக் கணமே எழுதுங்கள். முழுசாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் முதல் பாதி மறந்துவிடும். "ஏதோ ஒன்பது, வி, அப்புறம் இரைச்சல், கடைசியில் கே" என்றால் அதை அப்படியே, தெரியாத எழுத்துக்குச் சின்னக் கோடு போட்டு எழுதுங்கள். அடுத்த முறை கோட்டை மட்டும் நிரப்பினால் போதும். "கடைசியில் கே வருகிற நிலையம் மட்டும் மறுபடி" என்று கேட்டால் மற்றவர்களும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

பி, சி, டி, ஈ, ஜி, வி என்று ஆங்கில எழுத்தில் பல ஒரே மாதிரி முடிகின்றன. இரைச்சலில் எல்லாமே "ஈ" என்றுதான் கேட்கும். எழுத்தின் பெயரை நம்பாதீர்கள், பிராவோ, டெல்டா, எக்கோ, விக்டர் என்று அவர் சொல்லும் வரை கேளுங்கள், நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

தமிழர்களுக்கு என்று ஒரு தனி எச்சரிக்கை. குறிப்புகளைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், கால்சைனை மட்டும் ரோமன் எழுத்தில், பெரிய எழுத்தில், தனித்தனியாக எழுதுங்கள். அவசரத்தில் "பி" என்று தமிழில் கிறுக்கிவிட்டால் அது பாப்பாவா பிராவோவா என்று பிறகு கடவுளுக்கே தெரியாது. "டி" என்றால் டேங்கோவா டெல்டாவா? நம் எழுத்தில் அந்த வித்தியாசம் இல்லை, கால்சைனில் அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

கையெழுத்திலும் சில பழக்கங்களை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பூஜ்யத்துக்குக் குறுக்குக் கோடு, ஓ எழுத்துக்குக் கிடையாது. இசட்டின் நடுவில் ஒரு கோடு, அப்போதுதான் 2 என்று தோன்றாது. யூவுக்கு வால், வி கூர்மையாக. எஸ்ஸை வளைத்து எழுதுங்கள், 5-இன் தலைக்கோட்டை நேராக இழுங்கள். வி.யூ. என்று ஆரம்பிக்கிற நம் ஊர்க் கால்சைன்களில்தான் வி எது யூ எது என்ற குழப்பம் அதிகம் பார்த்திருக்கிறேன், முதல் இரண்டு எழுத்தை ஊகித்துவிடலாம், பின்னால் வரும் எழுத்துகளை ஊகிக்க முடியாது.

பக்கத்தில் ஓர் ஆள் எழுத உட்கார்ந்தால் வேலை பாதியாகும். ஏலகிரிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் கூட வந்தாள், ஏழாவது படிக்கிறாள். உரிமம் எனக்குத்தான் என்பதால் மைக்கைத் தரவில்லை, பென்சிலைத் தந்தேன். இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதினாள். நாலாவது தொடர்பில் என் முழங்கையைத் தட்டி, "சித்தப்பா, அவர் டெல்டான்னு சொல்லல, எக்கோன்னு சொன்னார்" என்றாள். நான் டெல்டா என்று திருப்பிச் சொல்லி, அவரும் ஏதோ சிந்தனையில் ரோஜர் என்று சொல்லிவிட்டிருந்தார். மறுபடி கேட்டேன். எக்கோதான். எழுதுகிறவருக்கு நான் சொல்கிற ஒரே விதி: சந்தேகம் என்றால் ஊகிக்காதே, கோடு போடு, என்னைத் தட்டு. அவள் அதை என்னைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தாள்.

தனியாகப் போனால் இன்னொரு காது வேண்டுமே, அதற்குப் போனில் குரல் பதிவை ஓடவிட்டு ரேடியோ ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிடுங்கள். தொடங்கும்போது "இப்போது யூடிசி 2338" என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு எந்த இடத்தில் எந்தத் தொடர்பு என்று கணக்கிட்டுவிடலாம். டிக் போட்டபின்னும் கையெழுத்து புரியாத நான்கைந்து கால்சைன்களைப் பதிவு காப்பாற்றியிருக்கிறது.

போனில் எழுதுகிறவர்களுக்கு

ஹாம்ஆர்எஸ், போலோ என்கிற ஹாம்2கே போர்ட்டபிள் லாகர் இரண்டும் வெளியே போய் இயக்குவதற்கென்றே செய்யப்பட்ட செயலிகள். பூங்கா எண்ணை ஒரு தடவை போட்டுவிட்டால் ஒவ்வொரு வரியிலும் தானாகச் சேரும், யூடிசியும் தானாக விழும். அன்று இது கையில் இருந்திருந்தால் என் தேதிப் பிழை நடந்திருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிளம்பும் முன் வீட்டில் ஃபிளைட் மோடில் போட்டு, நெட் இல்லாமல் ஐந்து தொடர்பு பொய்யாக எழுதிப் பாருங்கள். எழுதியதை வெளியே எடுக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு அந்தப் பொய்த் தொடர்புகளை அழிக்க மறக்காதீர்கள்.

விசைப்பலகையில் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், தங்கிலீஷ் முறையில் இருந்தால் கால்சைன் தமிழாகி நிற்கும். குறிப்புக் கட்டத்திலும் தமிழ் வேண்டாம். தாளில் தமிழ் எழுதச் சொன்ன நானே இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: லாக்குகள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது அடிஃப் என்ற கோப்பு வடிவத்தில். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அது எத்தனை எழுத்து நீளம் என்று ஓர் எண் இருக்கும். வழக்கமான அடிஃப் கோப்பு சாதாரண ஆங்கில எழுத்துகளை மட்டும் எதிர்பார்க்கிறது, தமிழ் எழுத்து வந்தால் சில மென்பொருள்கள் நீளத்தைத் தப்பாக எண்ணி அடுத்த விவரத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். "கண்டி, மழையாம்" தாளிலேயே இருக்கட்டும்.

வெயில் இன்னொரு தொல்லை. மெரினா மணலிலோ வேடந்தாங்கல் கரையிலோ மத்தியான வெயிலில் திரை தெரியாது, போன் சூடேறித் தானே அணைந்துவிடும். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் சில கோணங்களில் திரை கறுப்பாகவே இருக்கும், போன் கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பவர் பேங்கில் சார்ஜ் போட்டுக்கொண்டே இயக்கினால் ரேடியோவில் இரைச்சல் ஏறலாம், ஒரு தடவை கழற்றிப் பார்த்து ஒப்பிடுங்கள். ஆன்டெனா கம்பியின் முனை லேப்டாப்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் அனுப்பும்போது டச்பேட் தன்னிஷ்டத்துக்கு ஓடும், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

எஃப்.டி8 என்ற கணினி வழி டிஜிட்டல் முறையில் இயக்குகிறவர்களுக்கு மென்பொருளே லாக் எழுதிவிடும். அதில் பார்க்க வேண்டியது இரண்டுதான். 15 நொடிக் கட்டங்களில் ஓடுகிற முறை அது, கணினிக் கடிகாரம் ஒரு நொடிக்கு மேல் பிசகினால் தொடர்பு கிடைப்பது சந்தேகம், நெட் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுங்கள். இரண்டாவது, அமைப்பில் உங்கள் கிரிட் வீட்டு கிரிட்டாகவே இருக்கும், மாற்றுங்கள். அது லாக்கில் மட்டும் போவதில்லை, நீங்கள் கூப்பிடும்போதே காற்றிலும் போகிறது.

கிளம்பும் முன்னும் வீட்டுக்கு வந்த பின்னும்

ஆன்டெனாவை இறக்குவதற்கு முன்னால், ரேடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது மழை பிடித்து பைக்குள் தண்ணீர் போன அனுபவம் எனக்கு உண்டு, அன்று போட்டோதான் லாக். எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஒரு வரி புரியவில்லை என்றால் நினைவு இருக்கும்போதே பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். பேட்டரி வோல்ட்டையும் கடைசியாக ஒரு மூலையில் குறித்துவிடுங்கள், அடுத்த பயணத்துக்கு உதவும்.

கணினியில் ஏற்றுவதை அன்று ராத்திரியே செய்யுங்கள். விண்டோஸில் ஓடும் ஃபாஸ்ட் லாக் என்ட்ரி என்ற இலவச மென்பொருளைத் தாள் லாக் வைத்திருக்கிற எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். தேதி, பேண்ட், மோடு ஒரு தடவை அடித்தால் போதும், மாறும் வரை அதையே எடுத்துக்கொள்ளும், நம் குறுக்குக் கோடு மாதிரியேதான். நேரமும் அப்படியே: 2341 என்று ஒரு வரியில் அடித்துவிட்டு அடுத்த வரியில் 4 என்று மட்டும் அடித்தால் 2344 என்று புரிந்துகொள்ளும். ஐம்பது வரியைப் பத்து நிமிடத்தில் அடித்து அடிஃப்பாக எடுத்துவிடலாம்.

அடித்து முடித்த பிறகு தாளோடு வரி வரியாக ஒரு தடவை ஒப்பிடுங்கள், முடிந்தால் வீட்டில் யாரையாவது தாளைப் படிக்கச் சொல்லி நீங்கள் திரையைப் பாருங்கள். கால்சைன் தேடும் தளங்களில் சந்தேகமானவற்றைப் பார்க்கலாம், ஆனால் அங்கே இருப்பதை வைத்து நீங்கள் கேட்டதைத் திருத்தாதீர்கள். பட்டியலில் ஒருவர் இல்லை என்பதற்காக அவர் பொய் இல்லை, நெருக்கமான இன்னொரு கால்சைன் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் அவரிடம் பேசியதாகவும் ஆகாது. லாக்கில் போக வேண்டியது நீங்கள் கேட்டது, கேட்டது மட்டும். பதிவு இருந்தால் திரும்பக் கேளுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் அந்த வரியைத் தாளிலேயே விட்டுவிடுங்கள்.

இந்தப் பழக்கம் பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் போர்ட் பிளேரில் உலகத்தோடு தொடர்புகள் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சுனாமி வந்தது. பயணத்துக்காகக் கொண்டுபோன அதே நிலையங்கள் அவசரச் செய்தி நிலையங்களாயின. அந்த மாதிரி நேரத்தில் யார், எப்போது, எந்தச் செய்தி என்று நிதானமாக எழுதும் கை ஒரே நாளில் வராது.

தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். வருஷம் வாரியாக ஒரு கோப்பில் சேர்த்து, முதுகில் யூடிசி தேதிகளை எழுதி வையுங்கள். யாராவது "நான் உங்கள் லாக்கில் இல்லையே" என்று எழுதினால் கணினியில் தேடிவிட்டு இல்லை என்று பதில் போட்டுவிடக் கூடாது, தாளை எடுக்க வேண்டும். அந்த இத்தாலிக்காரர் கேட்டபோது அப்படித்தான் எடுத்தேன். அவருடைய மின்னஞ்சலில் அவர் பக்கத்து நேரம் 2342 என்று இருந்தது, முந்தின நாள் தேதியோடு. என் தாளில் மூன்றாவது வரி, 2342, அவர் கால்சைன், டிக். தலையில் இருந்த தேதியை ஒற்றைக் கோட்டால் அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதினேன், ஐந்து வரியையும் திருத்தி மறுபடி ஏற்றினேன். மறுநாள் காலையில் ஐந்தில் மூன்று உறுதியாகியிருந்தன, முதலில் நின்றது அவருடையது.